தும்மலுக்கு மாத்திரை வாங்கும் முன்

(நம் அறக்கட்டளையின் முதியோர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

பெரியவர்களுக்கான கூட்டம் என்று அறிவித்திருந்தோம். ஆனால் பேசப்போவதில் பாதிக்கு மேல் அவர்களுடைய மகன்களுக்கும் மருமகள்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது. மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறவர்கள் அவர்கள்தானே! பின்வரிசையில் நிற்கும் இளைஞர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் பஜ்ர் ஜமாஅத்தில் ஒரு மாற்றம் தெரியும். ஸஃப்பில் இங்கொரு தும்மல், அங்கொரு செருமல். இன்னும் கொஞ்ச நாளில் அந்தத் தும்மலும் கேட்காது. ஏனென்றால் தும்மியவர் வருவதை நிறுத்தியிருப்பார். வீட்டில் விசாரித்தால், "அத்தாவுக்கு அலர்ஜி, பனியில் வெளியே விடுவதில்லை" என்கிறார்கள். அத்தா என்பவர்களும் வாப்பா என்பவர்களும் அப்பா என்பவர்களும் கலந்து வாழும் பகுதி இது. எந்த வீட்டில் கேட்டாலும் பதில் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும், நம் குடும்பங்களில் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறோம். நோய் இன்னதென்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை.

அலர்ஜி என்றால் ஒவ்வாமை. தூசி, மகரந்தம் போன்ற சாதாரணப் பொருள்களை உடல் எதிரி என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்புகிறது. அதில் மூக்கு ஒழுகுகிறது, கண் அரிக்கிறது, தும்மல் அடுக்கடுக்காக வருகிறது. சளிக் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். ஒவ்வாமை வாரக்கணக்கில் நீடிக்கும், காய்ச்சல் இருக்காது, அரிப்பு இருக்கும். வயதானவர்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம். அறுபதுக்கு மேல் புதிதாகவும் வரலாம்.

மேல்நாடுகளில் வசந்த காலம்தான் ஒவ்வாமைக் காலம் என்பார்கள். நம் தாம்பரம் பக்கம் கணக்கு வேறு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சுவர் ஊறுகிறது, பூசணம் பிடிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றதை யாரும் மறக்கவில்லை. அப்படி ஊறிய சுவர்களில் வெள்ளையடித்தாலும் அடுத்த மழையில் கருப்புத் திட்டுகள் மறுபடி எழும். அந்தப் பூசணத்தின் நுண்தூள் காற்றில் கலந்து மூக்குக்குள் போகிறது. பிறகு மார்கழி, தை. பனி காற்றைக் கீழே அமுக்குகிறது, புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கிறது. 2018-இல் போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பியது அந்தப் புகையால்தான். அப்புறம் காலி மனைகளில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் பூக்கின்றன. 1950-களில் புனே பக்கம் கண்டறியப்பட்ட பார்த்தீனியம் இன்று நம் தெருமுனை வரை வந்துவிட்டது. அதன் மகரந்தம் மூக்குக்கு, செடி தோலுக்கு. வெறுங்கையால் பிடுங்கினால் சிலருக்குக் கை வெந்ததுபோல் ஆகிவிடும். அழகுக்காக நட்ட கோனோகார்பஸ் மரத்தின் மீதும் இதே புகார் வந்து, 2025-இல் தமிழ்நாடு அரசு அதை நடத் தடை விதித்தது. கோடையில் ஜி.எஸ்.டி. சாலைத் தூசி. ஆக, ஆண்டில் ஏதாவது ஒன்று மூக்கைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எந்த மாதத்தில் நம் வீட்டுப் பெரியவருக்கு அதிகமாகிறது என்று நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். மருத்துவருக்கு அந்தப் புள்ளிகள் பெரிய உதவி.

போகிப் புகையைப் பற்றிப் பேச நமக்கு வாய் நீளும். டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது, சரி. வெள்ளிக்கிழமை மஃக்ரிபுக்குப் பின் நம் வீடுகளில் கதவைச் சாத்திவிட்டுப் போடும் சாம்பிராணி? அதுவும் புகைதான். அத்தரும் ரூம் ஸ்பிரேயும் பன்னீர் வாசமும் ஒவ்வாமை மூக்கைக் கிளறிவிடும். கொசுவத்திச் சுருளைப் பற்றி 2003-இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வருகிறது என்றது. சிகரெட் பிடித்தால் மகனைத் திட்டும் வாப்பாவின் கட்டிலடியில் இரவு முழுதும் அது எரிகிறது. கொசுவலை கட்டுங்கள். மலிவு, புகை கிடையாது.

தூசி என்று நாம் பெருக்குவது கண்ணுக்குத் தெரிகிற தூசியை. தொல்லை தருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிலந்தி இனத்துச் சிற்றுயிர். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. ஈரக்காற்று அதற்குப் பிடித்தமானது, சென்னைக்கு ஈரக்காற்றுக்குக் குறைவில்லை. அதன் கழிவுதான் மூக்கை உறுத்துகிறது. ஆகவே பெரியவரின் தலையணை உறை, போர்வை, படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் துவையுங்கள். நிக்காஹுக்குச் சீராக வந்த இலவம் பஞ்சு மெத்தையை இருபது வருடமாக வைத்திருக்கிறவர்கள் நம்மில் உண்டு. பாசம் புரிகிறது. ஆனால் அதை வெயிலில் போட்டுத் தட்டுங்கள், தட்டுகிற வேலையைப் பெரியவரிடம் கொடுக்காதீர்கள். விளக்குமாற்றால் பெருக்கும்போது அவரை வேறு அறையில் உட்கார வையுங்கள். ஈரத்துணியால் துடைப்பது அதைவிட நல்லது.

இப்போது பள்ளிவாசலுக்கு வருகிறோம். நிர்வாகத்தினர் முன்னால் இருப்பதால் தைரியமாகவே சொல்கிறோம். ஸஜ்தாவில் நெற்றியோடு மூக்கும் தரையில் படுகிறது. ஐவேளைத் தொழுகையின் பர்ளு மட்டும் எடுத்தாலே 17 ரக்அத், 34 ஸஜ்தா. ஒவ்வொன்றிலும் மூக்கு கார்ப்பெட்டுக்குள் இருக்கிறது. அந்தக் கார்ப்பெட்டில் எத்தனை பேரின் கால் தூசி, எத்தனை மழைக்காலத்தின் ஈரம்! ரமளானுக்கு முன் ஒருமுறை வெயில் காட்டினால் போதும் என்பது பழைய வழக்கம். அது போதாது. வாரந்தோறும் வேக்குவம் போட வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் முழுதாகக் கழுவிக் காய வைக்க வேண்டும். அதுவரை பெரியவர்கள் துவைத்த முஸல்லா ஒன்றைக் கையோடு கொண்டுவந்து விரித்துக்கொள்ளட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம். இறக்கையில் படிந்த தூசி முதலில் அவர்கள் தலையில்தான் விழும்.

பஜ்ருக்கு உளூச் செய்யும் தண்ணீர் பனிக்காலத்தில் சில்லிட்டுப் போயிருக்கும். பெரியவர்கள் வீட்டிலேயே வெதுவெதுப்பான நீரில் உளூச் செய்துகொண்டு வரலாம். ஹவுளில் தண்ணீர் நிறுத்தி வைத்திருக்கும் பள்ளிகளில் அதை ஒழுங்காகக் கழுவி, குளோரின் கலந்து வைக்க வேண்டும். கேரளாவில் 2024-லும் 2025-லும் மூளையைத் தாக்கிய அமீபாத் தொற்று, அசுத்த நீர் மூக்கின் உள்ளே ஏறுவதால் வருவது. பயமுறுத்தச் சொல்லவில்லை. மூக்கைக் கழுவ உப்பு நீர் பயன்படுத்துகிறவர்கள் கொதிக்க வைத்து ஆறிய நீரை மட்டும் எடுங்கள், குழாய்த் தண்ணீரை நேரடியாக எடுக்காதீர்கள்.

இனி மாத்திரை. இன்றைய பேச்சே இதற்காகத்தான்.

நம் பகுதியில் எழுபதைக் கடந்த ஒரு பெரியவர். பெயர் வேண்டாம். தஹஜ்ஜுத்துக்கு எழுகிற பழக்கம் உள்ளவர். மூக்கடைப்புக்கு மகன் ஒரு மருந்துக் கடையில் சொல்லி, காகிதக் கவரில் உதிரி மாத்திரை வாங்கி வந்தார். மூன்று இரவு நன்றாகத் தூங்கினார், வீடே சந்தோஷப்பட்டது. நான்காம் இரவு உளூச் செய்ய எழுந்தவர் குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். "வழுக்கிவிட்டது" என்று எல்லாரும் சொன்னார்கள். தரை காய்ந்துதான் இருந்தது. மருத்துவமனையில் மாத்திரைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார்.

குளோர்பெனிரமைன், அவில் என்று நாம் அறிந்த பெனிரமைன் போன்றவை பழைய தலைமுறை ஒவ்வாமை மாத்திரைகள். கடையில் கிடைக்கும் பெரும்பாலான "சளி மாத்திரை"களுக்குள் குளோர்பெனிரமைன் கலந்தே இருக்கிறது. இளைஞனுக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான். முதியவருக்குத் தலைச்சுற்றல், தடுமாற்றம், மனக்குழப்பம், மலச்சிக்கல், புராஸ்டேட் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு, ஒருவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குக் கண்ணுக்கே ஆபத்து. "நன்னி இரண்டு நாளாக ஏதேதோ பேசுகிறார்கள்" என்று பேத்தி சொன்னால், புதிதாக என்ன மாத்திரை ஆரம்பித்தோம் என்று முதலில் பாருங்கள். முதியோர் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 1991-இல் பீயர்ஸ் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த பட்டியல் அது. இந்தப் பழைய வகை மாத்திரைகள் அதில் உண்டு. உலகம் முழுதும் எச்சரிக்கை செய்துவிட்ட ஒன்றை நாம் பொட்டலம் கட்டி வாங்கி வருகிறோம்.

அதே சளி மாத்திரையில் மூக்கடைப்பைத் திறக்க ஃபினைல்எஃப்ரின் என்ற மருந்தும் இருக்கும். அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. உதிரிப் பொட்டலத்தில் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை இருந்தால் அது ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்புண்டு. போட்டதும் ராஜவைத்தியம் போலச் சுகமாகிவிடும், சர்க்கரை மட்டும் எகிறிப்போகும். அட்டை இல்லாமல், பெயர் தெரியாமல் எந்த மாத்திரையும் வாங்காதீர்கள். மூக்கில் விடும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தும் இப்படித்தான். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் விட்டால் மருந்து இல்லாமல் மூக்கு திறக்காது என்ற நிலை வந்துவிடும்.

அப்படியானால் எது? மருத்துவர்கள் இப்போது ஃபெக்ஸோஃபெனடின் போன்ற தூக்கம் குறைவான புதிய வகைகளைத் தருகிறார்கள். செட்ரிசின், லெவோசெட்ரிசின் பழையவற்றைவிட மேல், ஆனாலும் சிலருக்குத் தூக்கம் வரும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். நாள்பட்ட மூக்கு ஒவ்வாமைக்கு மாத்திரையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்பிரே நன்றாக வேலை செய்கிறது. அதன் பலன் தெரிய ஒரு வாரம் கூட ஆகலாம் என்பதால் இரண்டாம் நாளே மூலையில் போட்டுவிடுகிறோம். அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து, முனையை நடுத்தண்டுப் பக்கம் காட்டாமல் காதுப் பக்கமாகக் காட்டி அடிக்க வேண்டும். இதைச் செய்து காட்டும்படி மருத்துவரிடமே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாத் தும்மலும் அலர்ஜி அல்ல, எல்லா இருமலும் அலர்ஜி அல்ல. பிரியாணி சாப்பிடும்போது மட்டும் பெரியவருக்கு மூக்கு ஒழுகுகிறதா? அது ஒவ்வாமை இல்லை. வயதானால் சூடான, காரமான உணவுக்கு மூக்கு அப்படித்தான் ஓடும். கைக்குட்டை கொடுங்கள், பிரியாணியை நிறுத்த வேண்டாம். எனலாபிரில், ராமிபிரில் போன்ற பி.பி. மாத்திரைகளால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அதை அலர்ஜி என்று எண்ணி மாதக்கணக்கில் இருமல் டானிக் குடித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவர் மாத்திரையை மாற்றினால் நின்றுவிடக்கூடிய இருமல் அது. நாமாக நிறுத்திவிடக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். பேச முடியாத அளவு மூச்சிரைத்தால் 108-ஐ அழையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். சர்க்கரை உள்ள முதியவர்களுக்கு இது இன்னும் அவசியம். இங்கேதான் நம் ஊரின் ஒரு தயக்கம் குறுக்கே நிற்கிறது. "சானடோரியம் ஆஸ்பத்திரியா? வேண்டாம், பார்த்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்." பேத்திக்கு வரன் பார்க்கும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த அந்த மருத்துவமனையை 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே கண்டுபிடிக்காத காலம். நல்ல காற்றும் ஓய்வும் உணவும்தான் சிகிச்சை. அந்த நல்ல காற்றுக்காகத்தான் தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்றைய ஜி.எஸ்.டி. சாலையில் நின்று சொன்னால் சிரிப்பார்கள். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது நெஞ்சக நோய் மருத்துவமனை. ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கும் அங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள். அந்த வாசலுக்குள் நுழைகிறவர் எல்லாம் காசநோயாளி அல்ல. காசநோயாகவே இருந்தாலும் முறையாக மருந்து சாப்பிட்டால் குணமாகிற நோய். மறைத்து வைத்தால் மடியில் உட்காரும் பேரப்பிள்ளைக்கும் பரவுகிற நோய். எது வெட்கம் என்று யோசித்துப் பாருங்கள். தனியே போகக் கூச்சப்படுகிறவர்களுடன் நம் தொண்டர் ஒருவர் துணைக்கு வருவார். யாரிடமும் சொல்லமாட்டார்.

இன்ஹேலரைப் பற்றி ஒரு வார்த்தை. "பம்ப் அடித்தால் பழகிவிடும்" என்ற பேச்சு நம் வீடுகளில் போவதில்லை. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அளவு மிகக் குறைவு, அதனால்தான் மாத்திரையைவிட அது நல்லது. கை நடுங்கும் பெரியவர்களுக்கு ஸ்பேசர் என்ற குழாயை மாட்டிக் கொடுத்தால் எளிது. சானடோரியத்திலேயே உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறவர்களும் நம்மில் பலர். போங்கள், தடையில்லை. ஆனால் இரண்டு மருத்துவர்களுக்கும் மற்றவர் தரும் மருந்தைச் சொல்லுங்கள். வீட்டில் கைவைத்தியமாக அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்பது பலருக்குத் தெரியாது.

சில ஆண்டுகளில் ரமளான் பிப்ரவரியில் வருகிறது, அதாவது பனியும் பூக்கும் காலமும் சேர்கிற வேளையில். இப்போதே மருத்துவரிடம் போய், மருந்து நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றித்தரக் கேளுங்கள். பெரும்பாலானவற்றை மாற்ற முடியும். ஃபெக்ஸோஃபெனடின் சாப்பிடுகிறவர்கள் அதை இஃப்தார் ஜூஸோடு விழுங்க வேண்டாம். ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழச்சாறுகள் அந்த மருந்து உடலில் சேருவதைக் குறைக்கும். தண்ணீரோடு சாப்பிட்டுவிட்டுச் சில மணி நேரம் கழித்துச் சாறு குடிக்கலாம். மூக்கு ஸ்பிரேயும் இன்ஹேலரும் நோன்பை முறிக்குமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் இமாமிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நோன்பு நேரத்தில் மூச்சுத் திணறல் வந்தால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், இன்ஹேலரை எடுங்கள். களாச் செய்ய நாள்கள் இருக்கின்றன, நோயாளிக்கு மார்க்கமே அந்தச் சலுகையைத் தந்திருக்கிறது. "ஐம்பது வருடமாக ஒரு நோன்பு விட்டதில்லை" என்று கண் கலங்கும் உம்மாவிடம் மகன் வாதாடக் கூடாது. மருத்துவரின் பேச்சையும் இமாமின் பேச்சையும் அவர்கள் காதாலேயே கேட்கும்படி அழைத்துச் செல்லுங்கள்.

நிறைவாக ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு அஸருக்குப் பின் மருத்துவர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வர இசைந்திருக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், பி.பி., சர்க்கரை, சளி, கஷாயம், கண் சொட்டு, எதையும் விடாமல், ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெரியவரால் நடக்க முடியாவிட்டால் பையை மட்டும் மகனோ மகளோ கொண்டுவரலாம். பெண்களுக்குத் தனி நேரம், மஃக்ரிப் வரை. அட்டையில்லாத உதிரி மாத்திரைகள் இருந்தால் அவற்றையும் கொண்டுவாருங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். பள்ளிவாசல் கார்ப்பெட் கழுவும் பணி அதற்கு மறுநாள் இஷ்ராக்குக்குப் பின் தொடங்குகிறது, இன்ஷா அல்லாஹ். இளைஞர்கள் பத்துப் பேராவது வேண்டும், முகக்கவசம் நாங்கள் தருகிறோம். பெயர் கொடுப்பவர்கள் வெளியே போகும்போது வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.